கேஸ் போவதற்குள் ஒரு டீ

திறந்து விட்ட கேஸ் எங்கே போகும் என்று கேட்டால் நம் ஆட்கள் கையை மேலே காட்டுவார்கள். நானும் பல வருஷம் அப்படிக் காட்டியவன்தான்.

இப்போது வேலையை விட்டாகிவிட்டது. முட்டி ஏணி ஏற விடவில்லை. ஏ.சி., ஃபிரிட்ஜ் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரச் சொல்லி சங்கத்தில் கேட்டார்கள். பிரஷர் எவ்வளவு வைக்க வேண்டும், பைப் எப்படி வளைக்க வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்கு ஐ.டி.ஐ.யில் சொல்லியிருப்பார்கள். என்னைவிட நன்றாகத் தெரியும். அதை நான் எழுதப் போவதில்லை. நம் தொழிலில் இருக்கும் ஒரு வழக்கத்தைப் பற்றி எழுதுகிறேன். டீ குடிக்கும் வழக்கம்.

நான் தொழிலுக்கு வந்தது பாலக்கரையில், ஒரு சந்துக்குள் இருந்த ஃபிரிட்ஜ் பட்டறைக்கு. எட்டாவதோடு படிப்பு நின்றிருந்தது. அங்கே ஃபிரிட்ஜ் வந்தால் முதல் வேலை பைப்பை நறுக்குவது. புஸ் என்று சத்தம் வரும். முதலாளி ஸ்டூலைத் தள்ளிவிட்டு எழுந்து, "கேஸ் போறதுக்குள்ள ஒரு டீ" என்பார். எல்லோரும் எதிர்க்கடைக்குப் போவோம். திரும்பி வரும்போது சத்தம் அடங்கியிருக்கும். வேலையை ஆரம்பிப்போம்.

அப்போது ஃபிரிட்ஜில் இருந்தது ட்வெல்வ் கேஸ், அதாவது ஆர்-12. உங்களில் பலர் பார்த்திருக்க மாட்டீர்கள். வாடை கிடையாது. பற்றாது. இந்தப் பக்கம் கேஸ் போய்க்கொண்டிருக்கும், அந்தப் பக்கம் ஒருவர் வாயில் பீடி எரியும். யாருக்கும் ஒன்றும் ஆகாது. "தங்கமான கேஸ்" என்று முதலாளி சொல்வார். தப்பாகச் சொல்லவில்லை. எங்களுக்குத் தெரிந்தவரை அது தங்கம்தான்.

நடுவில் சில வருஷம் கொள்ளிடக் கரைப் பக்கம் ஒரு ஐஸ் ஃபேக்டரியில் இருந்தேன். அங்கே அமோனியா. ட்வெல்வ் கேஸுக்கு நேர் எதிர் குணம். துளி வந்தாலும் கண்ணைப் பிடுங்கும். அங்கே மெஷின் பார்த்தவர் என்னைவிடக் குறைவாகப் பேசுவார். ஒரு நாள் மத்தியானம் மெஷின் ரூமில் வால்வ் பேக்கிங் விட்டு அமோனியா கிளம்பிவிட்டது. நாங்கள் எல்லோரும் வெளியே ஓடினோம். அவரும் ஓடி வந்தார். ஆனால் வாசலோடு நின்றுவிட்டார். ஈரத் துண்டை முகத்தில் கட்டிக்கொண்டு, ஹோஸ் பைப்பை எடுத்து, கதவுக்குள் தண்ணீரை மழை மாதிரி விசிறினார். கொஞ்ச நேரத்தில் வாடை மட்டுப்பட்டது. நான் சந்தோஷப்பட்டு, போய்விட்டது என்றேன்.

"போகல. தண்ணிக்குள்ள வந்துடுச்சு" என்றார். அப்புறம்தான் கவனித்தேன். வாய்க்காலுக்குப் போகும் மதகு வாயில் அதற்குள் மண் மூட்டை போட்டிருந்தார். கீழே மாடு தண்ணீர் குடிக்கும் இடம்.

அவரிடம் நான் கற்றது இவ்வளவுதான். ஒரு கேஸ் ஓர் இடத்தை விட்டுப் போனது என்றால் இன்னோர் இடத்துக்கு வந்திருக்கிறது. அது எந்த இடம் என்று முதலில் பார்க்க வேண்டும்.

பிறகு ட்வெல்வ் கேஸை நிறுத்தப் போகிறார்கள் என்று சொல்லி எங்களுக்கு ஒரு கிளாஸ் வைத்தார்கள். கன்டோன்மென்ட் பக்கம் ஒரு ஹாலில். மத்தியானச் சாப்பாடு உண்டு என்றதால் எல்லோரும் போனோம். பாடம் எடுத்தது ஒரு டீச்சரம்மா. எங்களில் பாதிப் பேரைவிட வயதில் சின்னவர். வந்ததும் கேட்டார். நீங்கள் இதுவரை திறந்து விட்ட கேஸ் எல்லாம் எங்கே இருக்கிறது?

எல்லோரும் கையை மேலே காட்டினோம்.

"டீச்சர், மேல போனதைப் புடிச்சுக் கொடுத்தா கிலோ என்ன விலைக்கு எடுப்பீங்க?" என்று பின்னால் இருந்து ஒருத்தர் கேட்டார். ஹால் முழுக்கச் சிரிப்பு. டீச்சரும் சிரித்தார். சிரித்துவிட்டுச் சொன்னார். பிடித்துக் கொடுக்க உங்களுக்கு நிறைய அவகாசம் இருக்கிறது, அது நூறு வருஷம் போல அங்கேதான் இருக்கும் என்றார்.

சிரிப்பு நின்றுவிட்டது.

அவர் போர்டில் எழுதியது எனக்கு முழுக்கப் புரியவில்லை. புரிந்ததைச் சொல்கிறேன். காவிரியில் இருந்து ஆவியாகப் போகும் தண்ணீர் மேலே ஒன்பது பத்து நாள்தான் தங்கும். மழையாக இறங்கிவிடும். அமோனியாவுக்கு அவ்வளவு நாள்கூட இல்லை. தண்ணீரைக் கண்டால் கரைந்து அதோடு இறங்கிவிடும். கடலுக்குப் போன தண்ணீர் அப்படி இல்லை. ஒரு சொட்டு கடலில் சேர்ந்தால் திரும்ப மேலே கிளம்ப ஆயிரக்கணக்கான வருஷம்கூட ஆகும். கடலுக்கு அவசரமே கிடையாது. புகையில் வரும் கேஸையும் அது குடித்து வைத்துக்கொள்ளும். காற்றில் குறைந்தால் மெல்லத் திருப்பிக் கொடுக்கும். குடித்ததை உடனே எல்லாம் விட்டுவிடாது.

எங்கள் ட்வெல்வ் கேஸை மழை கரைக்காது. கடல் குடிக்காது. நெருப்பும் தொடாது. அதனால்தான் அப்படியே நிற்கிறது. நாங்கள் எதைத் தங்கம் என்றோமோ அதுதான் வினை. வெகு உயரம் போனபிறகு வெயில் அதை உடைக்கும். அப்போது அது ஓசோன் படலத்தை அரிக்கும், அந்தக் கெடுதல் வேறு.

"எதுவும் தானா போறதில்ல. எது எடுக்குதோ அதோடதான் போகுது. எடுக்க ஆள் இல்லன்னா அங்கேயே நிக்கும்" என்றார் டீச்சர்.

இனிமேல் வரப்போகும் கேஸ்களில் பற்றக்கூடியதும் உண்டு என்றார். மேலே போனால் அது ரெண்டு வாரத்தில் அழிந்துவிடுமாம். வானத்துக்கு நல்லது. ஆனால் அறைக்குள் நின்றால் நெருப்பு. அப்போது வீட்டுக்கும் வானத்துக்கும் சேர்த்து சாதுவாக ஒன்றும் இல்லையா என்று ஒருத்தர் கேட்டார். கிடைத்தால் முதலில் உங்களிடம்தான் சொல்வேன் என்றார் டீச்சர்.

சாப்பாடு நன்றாக இருந்தது. மறுநாள் பட்டறைக்கு வந்தோம். பைப்பை நறுக்கினோம். டீ குடிக்கப் போனோம். வழக்கம் அப்படி. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. உங்களில் பலர் இப்போதும் செய்கிறீர்கள். தெரியும்.

இனி ஸ்ரீரங்கத்தில் நடந்ததைச் சொல்கிறேன்.

நான் வேலையை விடுவதற்கு முந்தின சித்திரை. தேர் முடிந்து கூட்டம் வடிந்திருந்த வாரம். வெயில் வடியவில்லை. என்னோடு பாஸ்கர் என்று ஒருவன் வேலை பார்த்தான். முப்பது வயது இருக்கும். கை சுத்தம். அவன் பற்றவைத்த ஜாயின்ட் மோதிரம் மாதிரி இருக்கும். என்னைவிட வேகம். அவனைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதுங்கண்ணே. பேரையும் போடுங்க" என்றான்.

கோயிலைச் சுற்றிய வீதி ஒன்றில் ஒரு பழைய வீடு. அந்த வரிசை வீடுகள் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ரெண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர். ஜன்னல் கிடையாது. வாசலில் நின்றால் நேராகக் கொல்லைக் கதவு தெரியும். நடுவில் கூடம். கூடத்தின் நடுவில் ஒரு முழம் தாழ்வாக முற்றம். அந்த வீட்டில் ஐயா ரயில்வேயில் டிக்கெட் கொடுக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு உடைந்து, ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்திருந்தார். அசையக் கூடாது. பெங்களூரில் இருக்கும் மகன் வாங்கிக் கொடுத்த ஏ.சி. உள் அறையில் இருந்தது. அது குளிரவில்லை. சரியாகும்வரை அவரைக் கூடத்தில், முற்றத்துக்குப் பக்கத்தில், இரும்புக் கட்டிலில் படுக்க வைத்திருந்தார்கள்.

சாயங்காலம் பாஸ்கர் போன் பண்ணினான். நான் அம்மா மண்டபம் பக்கம் வேறு வேலையில் இருந்தேன்.

"அண்ணே, உள்ள இருக்கிற கூலிங் காயில்ல ஓட்டை. மாத்தணும். இருக்கிற கேஸைத் திறந்து விட்டுட்டேன். புது கேஸ் எடுத்துட்டு வாங்க."

"என்ன கேஸ்?"

"ட்வென்டி டூதாண்ணே இருக்கும். ஸ்டிக்கர் மங்கிப் போச்சு."

"எங்க இருக்க?"

"டீக்கடையில."

நான் போனபோது அவன் டீயை முடித்துவிட்டு வாசலுக்கு வந்துகொண்டிருந்தான். உள்ளே நுழைந்தேன். அவுட்டோர் மெஷினை முற்றத்துச் சுவரில் தாழ்வாக மாட்டியிருந்தார்கள். அந்த வரிசை வீடுகளில் வேறு இடம் கிடையாது. குனிந்து ஸ்டிக்கரைத் துடைத்துப் பார்த்தேன். எழுத்து போயிருந்தது. மஞ்சள் முக்கோணத்துக்குள் ஒரு தீ மட்டும் தெரிந்தது. பற்றாத ட்வென்டி டூ இல்லை. டூ நைன்டி. பற்றும் கேஸ். அதற்கு வாடையும் கிடையாது.

முற்றம்தானே, வெளிதானே என்று நினைத்தேன். மேலே பார்த்தேன். வானம் தெரியவில்லை. குரங்குத் தொல்லைக்காகக் கம்பி போட்டு, அதற்கு மேல் பிளாஸ்டிக் ஷீட் போட்டு மூடியிருந்தார்கள். வெளிச்சம் வருவதால் வெளி மாதிரியே இருந்தது. பாஸ்கர் ஏமாந்தது அதில்தான். நானாக இருந்தாலும் ஏமாந்திருப்பேன். முற்றத்துத் தண்ணீர் போகும் ஓட்டையிலும் பெருச்சாளி வராமல் துணி அடைத்திருந்தது. ஆக, ஒரு தொட்டி. காற்றைவிடக் கனமான கேஸ் அதில் நிரம்பி, கூடத்துத் தரையில் வழிந்துகொண்டிருக்கும். கண்ணுக்குத் தெரியாது.

ஒரு ஏ.சி.யில் இருக்கும் கேஸ் திரவமாக இருந்தால் ஒரு சொம்புக்குள் அடங்கும். காற்றில் கலந்தால் ஓர் அறையையே பற்ற வைக்கப் போதும்.

முற்றத்துக்கு எதிரில் சுவரில் பெருமாள் மாடம். அதற்குக் கீழே அந்த வீட்டு மாமி தரையில் உட்கார்ந்திருந்தார். விளக்கைத் துடைத்து எண்ணெய் விட்டுத் திரியை நிமிண்டிக்கொண்டிருந்தார். மடியில் தீப்பெட்டி.

ஓடவில்லை. கத்தவும் இல்லை. கத்தினால் திடுக்கிட்டு எதையாவது செய்துவிடுவார்கள் என்று தோன்றியது. நின்ற இடத்திலேயே நின்று சொன்னேன்.

"மாமி, தீப்பெட்டிய எடுத்துட்டு வாசலுக்குப் போங்க. ஏன்னு அப்புறம் சொல்றேன்."

மாமி நிமிர்ந்து பார்த்தார். முன்பின் தெரியாத ஆள் கூடத்தில் நின்று உத்தரவு போடுகிறான். "திருவிளக்கு ஏத்தற நேரம். ஏத்திட்டு வரேன்" என்றார்.

"ஏத்துனா வீடு பத்திக்கும் மாமி. கேஸ் நிக்குது."

மாமி கட்டிலைப் பார்த்தார். அப்புறம் தீப்பெட்டியைப் பார்த்தார். ஒரு கையில் விளக்கும் ஒரு கையில் தீப்பெட்டியுமாக எழுந்து வாசலுக்குப் போனார். கேள்வி கேட்கவில்லை. அந்த நிதானம் நம் ஆட்கள் பலரிடம் கிடையாது.

பாஸ்கர் சமையலறைக்கு ஓடி ஒரு வாளித் தண்ணீரோடு வந்தான். ஐஸ் ஃபேக்டரிக் கதையை நான்தான் அவனுக்குச் சொல்லியிருந்தேன். வேண்டாம் என்றேன். இது தண்ணீருக்கு அடங்கும் கேஸ் இல்லை. முற்றத்தில் தண்ணீர் ஊற்றினால் கேஸைத் தூக்கிக் கூடத்துக்கு அனுப்புவோம். ஒரு கேஸுக்குச் செய்ததை இன்னொன்றுக்குச் செய்யக் கூடாது. அவசரத்தில் கைக்கு வருவது பழக்கம்தான். அதைப் பிடித்து நிறுத்த வேண்டும்.

அடுத்தது கரன்ட். சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. தொட்டால் பொறி வரும். ஆனால் சமையலறையில் ஃபிரிட்ஜ் இருந்தது. அது யாரையும் கேட்காமல் தானாக ஓடும், நிற்கும். மெயின் சுவிட்ச் வாசல் நடையில், தெருக் கதவை ஒட்டி உயரத்தில் இருந்தது. அங்கே கேஸ் வந்திருக்காது என்று பட்டது. ஆனால் மெயினை அணைத்தால் கூடத்து ஃபேனும் நிற்கும். கேஸைக் கலைத்துக்கொண்டிருப்பது அந்த ஃபேன் ஒன்றுதான். எது மேல்? யோசிக்க நேரம் இல்லை. அணைக்கச் சொன்னேன். அது சரியா தப்பா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. இரண்டில் ஒன்றை எடுத்தேன், அவ்வளவுதான்.

பாஸ்கர் போனைத் தெருவில் வைத்துவிட்டுப் போய் மெயினை இறக்கினான். ஃபேன் சுற்றி நின்றது. வீடு அமைதியாகிவிட்டது.

ஐயாவைத் தூக்கக் கூடாது. கட்டிலோடு வெளியே எடுக்கவும் முடியாது. நடை குறுகல். இழுத்தால் இரும்புக் காலும் கல் தரையும் உரசும். கட்டில் உயரமாக இருந்ததால் அவர் தலை கேஸுக்கு மேலே இருந்தது. மூச்சுக்குப் பயமில்லை. நெருப்புதான் பயம். நெருப்பைக் கிட்டே வர விடாமல் பார்த்துக்கொண்டு அவரை அங்கேயே விடுவது என்று முடிவு செய்தேன்.

இரண்டு கதவையும் திறந்தோம். அன்றைக்குப் பார்த்துக் காற்றே இல்லை. ஓட்டையில் இருந்த துணியைப் பிடுங்கினேன். பாஸ்கர் திறந்து விட்டிருந்த மெஷின் நட்டை மூட வேண்டும். ஸ்பேனர் வைக்கப் பயம். கையால் முடிந்தவரை இறுக்கினேன். கொல்லையில் ஒரு கோரைப்பாய் இருந்தது. பொறி வராமல் இருக்க நனைத்துக்கொண்டு, வீடு கழுவித் தண்ணீர் தள்ளுவது மாதிரி, ஒன்றும் தெரியாத தரையில் ஒன்றும் தெரியாததைக் கொல்லைப்பக்கம் தள்ளினோம். பாஸ்கர் அழுதுகொண்டே தள்ளினான். நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

கொஞ்சம் இருட்டியது. தெரு விளக்கு வந்தது. அடுத்த வீடுகளில் மாடத்து விளக்குகள் எரிந்தன. வாசலுக்குப் போனேன். மாமி எதிர்வீட்டுப் படியில் உட்கார்ந்திருந்தார். மடியில் எண்ணெய் விட்ட விளக்கு அப்படியே இருந்தது. எதிர்வீட்டு அம்மா தங்கள் மாடத்தில் ஏற்றச் சொன்னாராம். மாமி, இந்த வீட்டு விளக்கு இந்த வீட்டில்தான் என்று சொல்லிவிட்டாராம்.

"இப்போ ஏத்தலாமா?" என்றார்.

"இன்னும் இல்ல மாமி."

"எத்தனை நாழியாகும்?"

"தெரியல."

"தெரியலன்னா எப்படி? இது உங்க தொழில்தானே?"

அந்தக் கேள்வியை நான் மறக்கவில்லை. பற்றும் கேஸைக் கண்டுபிடிக்கும் கருவி அன்றைக்கு என்னிடம் இல்லை. அதை விற்கும் கடையும் அன்றைக்குப் பூட்டு. வாடை இல்லாததால் மூக்கும் உதவாது. நிறையத் தள்ளியிருக்கிறோம். போயிருக்கும் என்றுதான் மனசு சொன்னது. ஆச்சு மாமி, ஏத்துங்க என்று சொல்லிவிட்டால் அவர் முகம் தெளியும். அதைச் சொல்ல எனக்கு வாய் வரை வந்தது.

"எனக்குத் தெரியல மாமி. தெரியாதப்ப ஏத்துங்கன்னு சொல்ல மாட்டேன்" என்றேன்.

மாமி மடியில் இருந்த விளக்கைத் திருப்பி வைத்துக்கொண்டார்.

பாஸ்கரை வாசலில் நிறுத்தினேன். யாரும் நெருப்போடு வராமல் பார்க்க. நான் உள்ளே போய் ஐயாவின் கட்டில் பக்கம் ஸ்டூலில் உட்கார்ந்தேன். இருட்டு. புழுக்கம். இருவருக்கும் வேர்வை.

"நீங்க வெளியில போய் உக்காரலாமே" என்றார்.

"நீங்க இருக்கீங்களே சார்."

"என்னால எழுந்துக்க முடியல. உங்களுக்கு என்ன?"

"எனக்கு முட்டி வலி."

சிரித்தார். இடுப்பு வலித்திருக்கும், பாதியில் நிறுத்தினார். கொஞ்ச நேரம் கழித்து, இது வெளியே போனால் எங்கே போகும் என்று கேட்டார். டீச்சரம்மா சொன்னதைச் சொன்னேன். இது ரெண்டு வாரம், மழைத் தண்ணீர் பத்து நாள், நாங்கள் வாலிபத்தில் விட்டது இன்னும் மேலே நிற்கிறது என்று. கடலைப் பற்றியும் சொன்னேன். பேசினால் அவருக்குப் பயம் குறையும் என்று நினைத்தேன். எனக்கும் குறைந்தது.

"வெளியில போனா ரெண்டு வாரம். எங்காத்துல மட்டும் அதுக்குப் போக மனசில்ல" என்றார்.

அப்புறம் குரலைத் தாழ்த்திச் சொன்னார். மாமிக்குக் கோபம் இல்லையாம். பயமாம். தான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுகூட மாமி எதிர்வீட்டில் சாவி கொடுத்து இந்த மாடத்து விளக்கை ஏற்ற வைத்தாராம். ஒரு சாயங்காலம்கூட நிற்கவில்லை.

"விளக்கு நின்னா நானும் நின்னுடுவேன்னு அவளுக்கு ஒரு எண்ணம்."

நான் எழுந்து வாசலுக்குப் போனேன். சார் நல்லா இருக்கார் மாமி, என்னைக் கிண்டல் பண்ணிட்டிருக்கார் என்றேன். மாமி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அந்த வீட்டில் அன்றைக்கு விளக்கு ஏறவில்லை. மாமி அதே படியில் இருந்து ஐயாவைப் பார்த்தபடி இருந்தார். நேராகத் தெரியும் வீடு என்பதால் தெரு விளக்கு வெளிச்சத்தில் கட்டில் தெரிந்தது. இரண்டு கதவும் விடிய விடியத் திறந்தே இருந்தன. பாஸ்கர் வாசலை விட்டுப் போகவில்லை. நானும் போகச் சொல்லவில்லை.

விடிந்ததும் பாலக்கரைக்குப் போய்த் தெரிந்தவர் கடையில் அந்தக் கேஸைக் காட்டும் கருவியை வாங்கி வந்தேன். கூடத்துத் தரை முழுக்கப் பிடித்தேன். சத்தம் இல்லை. மாடத்துக்குக் கீழே பிடித்தேன். இல்லை. மாமி விளக்கோடு நடையில் நின்றிருந்தார். முற்றத்தில் இறங்கி மெஷின் பக்கம் கொண்டுபோனேன்.

கருவி கத்தியது.

நேற்று நான் கையால் இறுக்கிய நட். அதில் இருந்து இன்னும் வந்துகொண்டிருந்தது. மெஷினில் கேஸே இல்லாதபோது எங்கிருந்து வருகிறது என்று பாஸ்கர் கேட்டான். கம்ப்ரஸருக்குள் இருக்கும் ஆயில் கேஸைக் குடித்து வைத்திருக்கும். வெளியே பிரஷர் குறைந்ததும் மெல்ல மெல்லத் திருப்பிக் கொடுக்கும். உங்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். எனக்கும் தெரிந்ததுதான். நேற்று நினைவுக்கு வரவில்லை. கடலைப் பற்றி ஐயாவிடம் அவ்வளவு பேசினேன். பக்கத்தில் சுவரில் தொங்கிய சின்னக் கடலை மறந்துவிட்டேன்.

நேற்று மாமி கேட்டபோது ஏற்றச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஒன்றும் ஆகாமலும் இருந்திருக்கலாம். அதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஆசையும் இல்லை.

உங்களுக்கு நான் சொல்ல வந்தது இதுதான். சத்தம் அடங்கியதைப் பார்த்துக் கேஸ் போய்விட்டது என்று சொல்லாதீர்கள். சத்தம்தான் போயிருக்கும். ஸ்டிக்கரைத் துடைத்துப் பாருங்கள். தலையைத் தூக்கி வானம் தெரிகிறதா என்று பாருங்கள். கேஸை இழுத்துப் பிடிக்கும் மெஷின் இப்போது வாடகைக்குக் கிடைக்கிறது. பற்றாமல் நூறு வருஷம் நிற்கும் கேஸாக இருந்தாலும் பிடியுங்கள். அது யாரையும் உடனே சுடாது என்பதால்தான் நாம் அதை மறந்தோம். தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று வாயால் சொல்லுங்கள். கேட்பவர் அழுதாலும் சொல்லுங்கள்.

மெஷினைக் கழற்றி இரண்டு பேருமாகக் கொல்லைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். கிணற்றடி தாண்டி, திறந்த வெளியில் வைத்தோம். மேலே வானம்தான் என்று பாஸ்கர் இரண்டு தரம் பார்த்தான். மாமி எதிர்வீட்டில் காபி போட்டு இரண்டு பேருக்கும் கொடுத்தனுப்பினார். நான் குடித்தேன். பாஸ்கர் டம்ளரை மதில்மேல் வைத்துவிட்டு மெஷின் பக்கத்திலேயே உட்கார்ந்தான்.

"குடிடா, ஆறுது" என்றேன்.

"அப்புறம்ணே" என்றான்.

வெயில் ஏறியது. கொல்லை வழியாகக் கொஞ்சம் காற்றும் வந்தது. கருவியை எடுத்துக்கொண்டு மறுபடி வீடு முழுக்க நடந்தேன். முற்றத்து மூலை, ஓட்டை, கட்டிலுக்கு அடியில், மாடத்துக்குக் கீழே. சத்தம் இல்லை. இன்னொரு சுற்று போனேன். இல்லை.

பாஸ்கரும் எழுந்து வந்து கூடத்து ஓரத்தில் நின்றான். ஐயா கட்டிலில் இருந்து தலையைத் திருப்பி மாடத்தைப் பார்த்தார்.

"சொல்லுங்கோ" என்றார் மாமி.

"இப்ப ஏத்துங்க மாமி" என்றேன்.

மாமி உட்கார்ந்தார். தீப்பெட்டியைத் திறந்தார். குச்சியை உரசும் சத்தம் கேட்டது. நான் மூச்சை நிறுத்திக்கொண்டு நின்றேன்.

விளக்கு எரிந்தது. விளக்கு மட்டும்தான் எரிந்தது.

அதற்கு அப்புறம்தான் பாஸ்கர் கொல்லைக்குப் போய் டம்ளரைக் கையில் எடுத்தான். காபி ஆறிப் போயிருந்தது. குடித்தான்.